ஏழாம் எண் கட்டளை

1

வியாழக்கிழமை காலை, நான் எழுதிய வரி ஒன்றை நானே அழித்தேன். அந்த வரிக்காக ஆறு வாரம் அலுவலகத்தில் சண்டை போட்டிருக்கிறேன். வெள்ளைப் பலகையில் படம் வரைந்து, அரைகுறை பிரெஞ்சில் குரலை உயர்த்தி, பாதி வாக்கியத்தில் வினைச்சொல் கிடைக்காமல் கையை ஆட்டிச் சமாளித்திருக்கிறேன். அழிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

பிரான்சுக்கு வந்து இந்த வாரத்தோடு நான்கு வருடம். கல்லூரி நண்பர்கள் நடத்தும் இந்த இணைய இதழின் ஞாயிறு பதிப்புக்கு "நாலு வருஷ அனுபவத்த எழுதுடி" என்று கேட்டிருந்தார்கள். பனி, ரொட்டி, ரயில் என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அழித்த அந்த வரியைப் பற்றி எழுதத்தான் கை ஓடுகிறது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில், எங்கள் முத்தியால்பேட்டையில் யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டருக்குள்ள கேட்டுல நின்னு யாரு உள்ள வரலாம், யாரு வரக்கூடாதுன்னு பாக்குற வேல" என்பாள். நானே ஒருமுறை அப்படித்தான் விளக்கி வைத்தேன். அதன் பலன், மணிக்கூண்டு பக்கம் மாவு அரைக்கப் போன இடத்தில் எதிர்வீட்டு அத்தை கேட்டிருக்கிறார்: "இன்னாடி, எம்.டெக். வரைக்கும் படிக்க வெச்சி, பொண்ண பிரான்சுல வாட்ச்மேன் வேலைக்கா அனுப்பிச்ச?"

வாட்ச்மேன் இல்லை அத்தை. அந்த வாட்ச்மேனுக்கு எந்த மொழியில் உத்தரவு போடுவது என்று தீர்மானிக்கிற வேலை.

2

நீங்கள் செல்போனில் ஒரு போட்டோ அனுப்பினால் அது முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக வெட்டப்பட்டுப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் யாரிடமிருந்து, யாருக்கு, என்ன வகை என்று எண்கள் ஒட்டியிருக்கும். எங்கள் நிறுவனம் செய்யும் பெட்டி அந்தப் பாக்கெட்டுகள் போகிற வழியில் உட்கார்ந்துகொண்டு, தலையைப் படித்து, உள்ளே விடும் அல்லது வீசிவிடும். நொடிக்கு லட்சக்கணக்கில் வரும். யோசிக்க நேரமில்லை. ஆகவே அந்தப் பெட்டிக்குப் புரிகிற மொழி மிகமிகச் சின்னதாக இருக்க வேண்டும். அதில் எத்தனை கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் எந்த எண், எது செய்யலாம், எது கூடாது என்று வரையறுத்து ஆவணமாக எழுதுகிறவர்கள் இரண்டே பேர். என் மேலாளர் எலோடி, அப்புறம் நான்.

பெட்டிக்கு ஒரே ஒரு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் அதனால் பிடிக்க முடியும். என் நோட்டில் கட்டளைகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். ஒரு சின்ன நிரல் இப்படி இருக்கும்:

பன்னிரண்டாம் இடத்திலிருந்து இரண்டு பைட் எடு.
அதை இந்த எண்ணோடு ஒப்பிடு. ஒத்தால் அடுத்த வரி. இல்லாவிட்டால் ஒரு வரி தாண்டு.
விடு.
வீசு.

நான்கு வரி. ஒரு வாசலையே காவல் காத்துவிடும். இதை முதன்முதலில் எழுதி ஓட்டிப் பார்த்த அன்று அலுவலக நடைபாதையில் குதித்தேன். எலோடி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இந்த மொழிக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, முன்னால்தான் தாண்டலாம், பின்னால் தாண்டக் கூடாது. பின்னால் போக அனுமதித்தால் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற நிரலை யாராவது எழுதிவிடுவார்கள், பெட்டி அதிலேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு, எந்தக் கிளை வழியாகப் போனாலும் கடைசியில் விடு அல்லது வீசு என்று முடிய வேண்டும். பதில் சொல்லாமல் முடிகிற நிரலைப் பெட்டி ஏற்றிக்கொள்ளவே செய்யாது.

3

இனி என் நிலைமை.

நான் இங்கே படிக்க வந்தவள். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் மாணவர் குடியிருப்பு அட்டையை வேலைக்கான அட்டையாக மாற்ற விண்ணப்பித்தேன். ஒன்பது மாதமாகிறது. தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே இணையத்தில் என் கோப்பைத் திறக்கிறேன். ஒரே வரி: உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. இடையில் ஒரு தாள் மட்டும் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஆனால் இந்த நாட்டை விட்டு வெளியே போனால், அதைக் காட்டித் திரும்பி உள்ளே வர முடியாது. வெளியே போக எந்தத் தடையும் இல்லை என்பதுதான் வேடிக்கை.

அட்டை கொடுக்கும் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்ல மாதிரி. என் பெயரைக்கூட முக்கால்வாசி சரியாகச் சொன்னார்.

"முன்பதிவு இருக்கிறதா?"

"இல்லை மேடம்."

"இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள்."

"இணையத்தில் இடமே காட்டுவதில்லை."

"அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் முன்பதிவு செய்ய வேண்டும்."

பின்னால் தாண்டுகிற நிரல். எங்கள் பெட்டியாக இருந்தால் ஏற்றியே இருக்காது.

நான் குடியிருக்கும் மாடி அறையின் சொந்தக்காரி லூசியா அக்காவும் புதுச்சேரிதான். அவருக்கு இந்த வரிசைகள் எதுவும் கிடையாது, பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை. அவருடைய தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே மில்லில் வேலை செய்தவர்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது, குடியுரிமை வேண்டுமென்றால் கெடுவுக்குள் வந்து கையெழுத்துப் போடலாம் என்றார்களாம். அக்காவின் தாத்தா போய்ப் போட்டார். என் தாத்தாவைக் கூப்பிட்டதற்கு "பாக்கலாம்பா" என்றாராம். கெடு முடிந்துவிட்டது. அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: "உங்க தாத்தா இன்னும் மேல இருந்து பாத்துகினேதான் இருக்காரு."

4

அந்த ஏழாம் எண்ணுக்கு வருகிறேன்.

சில பெரிய பாக்கெட்டுகள் வழியில் இன்னும் சின்னத் துண்டுகளாக உடைபடும். எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்ற விவரம் முதல் துண்டில் மட்டும்தான் இருக்கும். சில நேரம் இரண்டாம் துண்டு முந்திக்கொண்டு வந்துவிடும். அதன் தலையைப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று தெரியாது. விடவும் பயம், வீசவும் மனமில்லை. இதற்கு என்ன செய்வது?

எனக்குப் பளிச்சென்று தோன்றியது. விடு, வீசு இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பதில். ‘நிறுத்து.’ முதல் துண்டு வரும்வரை இதை ஓர் அலமாரியில் வைத்திரு. வந்ததும் முடிவு செய்யலாம். பட்டியலில் ஏழாம் எண் காலியாக இருந்தது. அதைக் கொடுத்தேன்.

எலோடி படித்துவிட்டுக் கேட்டார்: "எவ்வளவு நேரம் வைத்திருக்கும்?"

"முதல் துண்டு வரும்வரை."

"வராவிட்டால்?"

"வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அனுப்பியிருக்கிறார்கள் இல்லையா? வரும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சண்டை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆறு வாரம் நடந்தது. கடைசியில், "சரி, கட்டி ஓட்டிக் காட்டு" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

5

அந்த ஆறு வாரத்துக்கும் முன்பிருந்தே வீட்டில் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். நான்கு மாதம் முன்பு ஷிப்ட் முடிந்து வண்டியை எடுக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று இடத்தில் அடைப்பு. ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரியில் தேதியும் கொடுத்தார்கள்.

"நீ எப்பம்மா வர?" என்றார் அப்பா.

"பாக்கலாம்பா. இந்த மாசம் அட்ட வந்துடும்னு நெனைக்கிறேன்."

"அப்ப நீ வந்தப்பறம் படுத்துக்கறேன். அவசரம் ஒண்ணும் இல்ல."

அந்தத் தேதி போனது. இரண்டாவது தேதி கொடுத்தார்கள். நான் மறுபடி "பாக்கலாம்பா" என்றேன். அதுவும் போனது. அம்மா தனியாகக் கூப்பிட்டுக் கத்தினாள்: "அவசரம் இல்லியாம்! மாடிப்படில நாலு படிக்கு ஒருவாட்டி சொவத்தப் புடிச்சிகினு நிக்கிறாரு. நீ வரியா, வரலியா? ஒரு வார்த்த சொல்லித் தொலடி."

"பாக்கலாம்மா" என்றேன்.

நான் ஏமாற்றவில்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் ‘வர மாட்டேன்’ என்று சொன்னதே கிடையாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும், காதுகுத்துக்குக் கூப்பிட்டாலும், போக முடியாது என்று கூப்பிட்டவருக்கும் தெரிந்தே இருந்தாலும், பாக்கலாம்தான். அது மரியாதை. இங்கே வந்த புதிதில் எலோடி ஏதோ ஒரு கூடுதல் வேலை கொடுக்க, மறுப்பதற்காகத்தான் ‘பார்க்கலாம்’ என்பதைப் பிரெஞ்சில் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்து "பார்த்தாயா?" என்று கேட்டார். திருதிருவென்று விழித்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, லூசியா அக்கா வீட்டில் சாப்பாடு. அவருடைய நாத்தனார் வேறு ஊரிலிருந்து வந்திருந்தார். அக்காவின் மகள் அனாயிஸுக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும், பதில் பிரெஞ்சில்தான் வரும். நாத்தனார் அவள் கன்னத்தைக் கிள்ளி, "லீவுக்கு அத்த ஊட்டுக்கு வரியாடி செல்லம்?" என்றார்.

"நோன்", மாட்டேன் என்றது குழந்தை, கோழியைக் கடித்துக்கொண்டே.

அக்கா முகம் சிவந்துவிட்டது. "இன்னா பழக்கம் இது? பாக்கலாம் அத்தன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

குழந்தைக்கு உண்மையாகவே புரியவில்லை. "ஆனா நாம போகப் போறதில்லையே மம்மான்" என்றது பிரெஞ்சில்.

நாத்தனார்தான் முதலில் சிரித்தார். "பரவால்ல லூசியா, உடு. அப்ப நான் ஊட்ட பூட்டிட்டு எங்கனா டூர் போய்க்கறேன்." அக்கா மட்டும் பாத்திரம் கழுவும்வரை முனகிக்கொண்டே இருந்தார். பிள்ளை கையை விட்டுப் போகிறது என்ற வருத்தம் அவருக்கு. எனக்கோ அந்த நாத்தனாரின் முகம்தான் நினைவில் நின்றது. கோபம் இல்லை. தோளிலிருந்து பையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

6

செவ்வாய்க்கிழமை ‘நிறுத்து’ கட்டளையை ஓட்டினேன். சோதனை அறையில் பதிவு செய்து வைத்த பாக்கெட்டுகளோடு காலை முழுதும் அழகாக ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையான போக்குவரத்தில் ஓடினால்தானே ருசு? எலோடியைக் கேட்காமல், எங்கள் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்குப் போகிற இணைப்பில் பெட்டியைச் செருகிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

கேன்டீன் கீழ்த்தளத்தில் இருக்கிறது என்பது நினைவில் இருந்தது. அங்கே வங்கி அட்டையில் காசு வாங்கும் இயந்திரமும் அதே இணைப்பில் இருக்கிறது என்பது நினைவுக்கு வரவில்லை.

தட்டோடு வரிசையில் நிற்கும்போது அம்மா கூப்பிட்டாள். மூன்றாவது தேதி கொடுத்திருக்கிறார்கள், வருகிற புதன்கிழமை. "இதுவும் வேணாம்னு சொல்லப் போறாராம். பொண்ணு கெளம்பிகினு இருக்குதுன்னு டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்காரு. காலையில மணிக்கூண்டாண்ட வண்டிய நிறுத்திட்டு ரோட்டோரமா ஒக்காந்துட்டாராம். யாரோ ஆட்டோல ஏத்தியாந்து விட்டாங்க. நீ வரியாடி?"

"பாக்கலாம்மா" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

போனை வைத்துவிட்டுப் பார்க்கிறேன், வரிசை நகரவே இல்லை. முன்னால் முப்பது பேர் தட்டோடு நிற்கிறார்கள். இயந்திரம் அட்டையை வாங்கிக்கொள்கிறது. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காசாளர் யாருக்கும் போ என்று சொல்ல முடியாமல், நில் என்றும் சொல்ல முடியாமல் கையைப் பிசைகிறார். முப்பது பிரெஞ்சுக்காரர்களின் மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இங்கே அது சாதாரணக் குற்றம் இல்லை.

தட்டை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

பெட்டியின் அலமாரியில் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு இடம். அத்தனையும் நிரம்பியிருந்தது. எல்லாம் முதல் துண்டுக்காகக் காத்திருக்கும் துண்டுகள். அலமாரி நிரம்பியதும் பெட்டி புதிதாக எதையும் தொட மறுத்துவிட்டது, நல்ல பாக்கெட்டுகள் உட்பட. அலமாரியில் முதலில் போய் உட்கார்ந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். இருபத்தோரு நிமிடமாக அது காத்திருக்கிறது. அதன் முதல் துண்டு எங்கள் பெட்டி வரை வரவேயில்லை. எங்கோ வழியிலேயே தொலைந்திருந்தது.

எலோடி கையில் ஆறிப்போன தட்டோடு கதவருகே நின்றார். "எதை வேண்டுமானாலும் கவிழ்த்துக்கொள். பன்னிரண்டரை மணிக்குக் கவிழ்க்காதே."

"ஒரு கடிகாரம் சேர்த்துவிடுகிறேன்" என்றேன். "குறிப்பிட்ட நேரம் காத்திருக்கட்டும். அதற்குள் வராவிட்டால்…"

"வராவிட்டால்?"

"வீச வேண்டியதுதான்."

"எப்படியும் வீசப் போகிறாய் என்றால் முதலிலேயே வீசு. அனுப்பிய ஆளுக்கு வந்து சேரவில்லை என்று தெரியும், மறுபடி அனுப்புவான். அல்லது வேறு வழி பார்ப்பான். இப்போது அவனும் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறான்." சொல்லிவிட்டு ஆறிய உருளைக்கிழங்கை என் மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. முதல் வருடப் பாடம். ஆனாலும் புதன்கிழமை முழுதும் அந்த ஆவணத்தைத் திறந்து திறந்து மூடினேன். வியாழன் காலை அழித்தேன். எங்கள் தொழிலில், ஒரு கட்டளையை நீக்கினால் அதன் எண்ணை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. பழைய நிரல் ஏதாவது அதைத் தேடி வந்து தவறான இடத்தில் போய் விழும். இடத்தைக் காலியாகவே விட்டுவிட வேண்டும்.

7

(காலி)

8

வியாழக்கிழமை மதியம் கட்டடத்துக்கு வெளியே வந்து வீடியோவில் கூப்பிட்டேன். ஊரில் டீ நேரம். அப்பா பனியனோடு உட்கார்ந்து வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"அப்பா, நான் வரல."

வர்க்கி டீக்குள் விழுந்தது.

"இன்னாவாம்?" என்று உள்ளேயிருந்து அம்மா.

"வரலியாம்."

நான் விடாமல் பேசினேன், நிறுத்தினால் பேச முடியாது என்று தெரிந்தது. "புதன்கிழமைக்கு வரல. அட்ட எப்ப வரும்னு தெரியாது. இப்ப வந்தா திரும்பி உள்ள விட மாட்டாங்க, வேல போயிடும். வேலைய விட்டுட்டு வர எனக்கு மனசு வரலப்பா. திட்டணும்னா திட்டுங்க. ஆனா அந்தத் தேதிய வேணாம்னு சொல்லாதீங்க."

அப்பா விரலால் வர்க்கியைத் துழாவி எடுக்கப் பார்த்தார், அது கரைந்துவிட்டது. "இதச் சொல்லவா நாலு மாசம்?"

"வாய் வரலப்பா."

"எனக்கும்தான்" என்றார். பிறகு அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "எனக்கு பயம்மா. நெஞ்சப் பொளப்பாங்களாமே. அதச் சொல்லத் தெரியாம, பொண்ணு வரட்டும், பொண்ணு வரட்டும்னு சொல்லிகினு கெடந்தேன்."

நான்தான் அவரை அலமாரியில் வைத்திருந்தேன் என்று நினைத்தேன். அவரும் என்னை அங்கேதான் வைத்திருந்தார்.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்கப்பா."

"ம். சொல்லிட்டு படுத்துக்கறேன். கையெழுத்து உங்கம்மா போடட்டும்."

"நான் தமிழ்லதான் போடுவேன்" என்று அம்மா போனைப் பிடுங்கினாள். கண் சிவந்திருந்தது. கோபமா, அழுதாளா என்று தெரியவில்லை. "சரி, புதன்கிழமைக்கு வரல. தீபாவளிக்காச்சும் வருவியா?"

நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்து நின்றது.

"அட்ட வந்தா வருவேன். வரலன்னா வர மாட்டேன்."

"அடியே, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேச எங்கடி கத்துகிட்ட?" அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரத்தம் குடுக்க நாலு பேரக் கூட்டியாரச் சொல்லியிருக்காங்க. எங்க அண்ணன் பையனுங்க ரெண்டு பேரு வராங்க. இன்னும் ரெண்டு பேரு வேணும். உன் ஃப்ரெண்டுங்க யாருனா இருந்தா சொல்லு" என்றாள்.

நான்கு மாதத்தில் அம்மா என்னிடம் கேட்டதில், இங்கே இருந்துகொண்டே என்னால் செய்ய முடிந்த முதல் காரியம் அது. இன்று காலையும் கோப்பைத் திறந்தேன், பரிசீலனையில்தான் உள்ளது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் செய்யலாம்.

இதழைப் படிக்கிறவர்களில் புதுச்சேரியில் இருப்பவர்கள் கவனியுங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி, பெரிய ஆஸ்பத்திரி ரத்த வங்கி. எந்த வகை ரத்தமானாலும் பரவாயில்லை, அப்பாவுக்குச் செலவாகும் ரத்தத்தை வங்கிக்கு ஈடுகட்டுவதற்குத்தான். இரண்டு பேர் போதும். வருவதாக இருந்தால் வருகிறேன் என்று எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். வர முடியாதென்றால் வரவில்லை என்று அனுப்புங்கள். வருத்தப்பட மாட்டேன், அடுத்த ஆளைக் கேட்பேன்.

பாக்கலாம் என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள்.